இழுப்பறை எண் 37337

ஆனி பிறந்துவிட்டால் தென்காசியில் எதுவும் முழுசாகக் காயாது. செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் காற்று சாரலைத் தூவிவிட்டுப் போகும், ஐந்து நிமிடம் வெயில் எட்டிப் பார்க்கும், மறுபடி தூவும். கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாகவே இருக்கும். டப்பாவுக்குள் அப்பளம் நமத்துப்போகும். தீக்குச்சி நாலு தடவை உரசினால்தான் பிடிக்கும். எங்கள் வீட்டில் இந்த வரிசையில் இன்னொன்றும் உண்டு: வீடியோ கேம் கேசட்.

துபாயில் இருந்த மாமா தொண்ணூறுகளில் லீவுக்கு வந்தபோது வாங்கிவந்த பெட்டி அது. சாரல் காலத்தில் கேசட்டைச் சொருகி சுவிட்சைப் போட்டால் மாரியோ வருவான். ஆனால் தொப்பி இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு எழுத்து ஒட்டியிருக்கும், வானம் முழுக்கச் செங்கல் துண்டுகள் மிதக்கும். "எடுத்து ஊதுலே" என்பான் அண்ணன். எடுப்பேன், ஊதுவேன், சொருகுவேன். இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ சரியாகிவிடும். ஊதியதால் சரியானது என்று ஊரே நம்பியது. உண்மையில் வாய்க்காற்று அந்தச் செம்புப் பட்டைகளில் இன்னும் கொஞ்சம் ஈரத்தைத்தான் சேர்த்திருக்கும். கேசட்டை உருவித் திரும்பச் சொருகும்போது பட்டையும் ஊசியும் ஒன்றையொன்று உரசிக்கொள்ளும். மேலே படிந்திருந்த அழுக்கு தேய்ந்துபோய்த் தொடர்பு கிடைக்கும். அவ்வளவுதான் வைத்தியம்.

அந்த வயதில் எனக்குத் தோன்றாத ஒரு கேள்வி பிற்பாடு தோன்றியது. படம் அத்தனை கோரமாகச் சிதைந்திருந்தும் ஆட்டம் எப்படி ஓடிக்கொண்டிருந்தது? மாரியோ குதித்தான், காளான் வந்தது, ஆமை செத்தது. பெட்டிக்குள் யாரும் "இது தப்பு" என்று சொல்லவில்லையே?

சொல்ல யாரும் இல்லை என்பதுதான் பதில். ஆட்டத்தில் ஏமாற்றி ஜெயிக்க உலகம் முழுக்கச் சிறுவர்கள் காசு கொடுத்து வாங்கிய 'சீட் கோட்' கருவிகள் எல்லாம் அந்த ஒரு பலவீனத்தின் மேல்தான் கட்டப்பட்டவை. எங்கள் வீட்டு ஈரம் கண்மூடித்தனமாகச் செய்த வேலையை அவை குறிபார்த்துச் செய்தன.

நாங்கள் விளையாடியது ஜப்பானின் நிண்டெண்டோ 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் நகல். இந்தியாவில் அதன் நகல்கள் மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் வந்தன. பெயரே இல்லாமலும் வந்தன. எங்களுடையது இரண்டாவது ரகம். பெயர் எதுவானாலும் உள்ளே 8 பிட் செயலி ஒன்று நொடிக்குச் சுமார் 18 லட்சம் தடவை துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஒரு முகவரியைக் கம்பிகளில் வைத்து அங்கிருக்கும் எண்ணைக் கேட்கும், அல்லது அங்கே ஓர் எண்ணை எழுதும். வேறு எதுவும் அதற்குத் தெரியாது.

கடைத்தெருவில் பழைய நாட்டு மருந்துக் கடைக்குள் போனவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். சுக்கு ஒன்றில், திப்பிலி ஒன்றில், அதிமதுரம் ஒன்றில், சித்தரத்தை ஒன்றில். பெயருக்குப் பதில் எண் மட்டும் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் இருக்கும் அண்ணாச்சி திரும்பிப் பார்க்காமலே எண்ணைச் சொல்வார். பையன் அந்த இழுப்பறையில் இருப்பதை எடுத்து அவர் கையில் வைப்பான். அண்ணாச்சி மோந்து பார்க்க மாட்டார், நக்கிப் பார்க்க மாட்டார். கையில் வந்ததை உரலில் போட்டு இடிப்பார். செயலி அந்த அண்ணாச்சி. கேசட் அந்த இழுப்பறைச் சுவர். செயலியால் மொத்தம் 65,536 முகவரிகளைச் சொல்ல முடியும். அதில் மேல் பாதி, அதாவது 32,768-லிருந்து 65,535 வரை, கேசட்டுக்கு ஒதுக்கியது. கீழ்ப் பாதியின் ஆரம்பத்தில் பெட்டிக்குள்ளேயே இருக்கும் நினைவகம். வெறும் 2048 பைட். மாரியோவுக்கு எத்தனை உயிர், எவ்வளவு காசு, எங்கே நிற்கிறான் என்பதெல்லாம் அந்த 2048-க்குள்தான்.

1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டம் முழுவதுமே 40 கிலோபைட்தான். 32 கட்டளைகளுக்கு, 8 படங்களுக்கு. இன்று காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் ரோஜாப்பூ 'குட் மார்னிங்' அதைவிடப் பெரிது. கட்டளைச் சில்லுக்கும் படச் சில்லுக்கும் கேசட்டில் தனித்தனிப் பின்கள். எங்கள் வீட்டில் படச் சில்லின் பின்கள் ஈரத்தில் சிக்கிய நாளில் வானத்தில் செங்கல் மிதந்தது, ஆட்டம் ஓடியது. கட்டளைச் சில்லின் பின்கள் சிக்கிய நாளில் திரை ஒரே நிறத்தில் உறைந்து நின்றது. அமெரிக்காவில் விற்ற நிண்டெண்டோ பெட்டியில் கேசட் அசலா என்று பார்க்கும் பூட்டுச் சில்லு ஒன்று உண்டு. தொடர்பு சரியில்லை என்றால் அது பெட்டியை அணைத்து அணைத்துப் போடும், திரை மினுக்மினுக்கென்று அடிக்கும். ஜப்பான் வடிவத்திலும் அதன் நகல்களிலும் அந்தக் காவல் கிடையாது. நாங்கள் கண்ட அலங்கோலங்களை அமெரிக்கப் பிள்ளைகள் அவ்வளவாகக் கண்டிருக்க மாட்டார்கள்.

இப்போது மருந்துக் கடையில் பையனுக்கும் அண்ணாச்சிக்கும் நடுவே ஒருவனை நிறுத்துங்கள். அவன் கையில் ஒரு சீட்டு: "37337 என்று கேட்டால் பையன் கொடுப்பதை வாங்கி வைத்துக்கொள், பதிலுக்கு இந்தப் பொட்டலத்தைக் கொடு." மற்ற எண்களுக்கெல்லாம் அவன் வருவதை வாங்கி அப்படியே கைமாற்றிவிடுவான். இழுப்பறையில் இருக்கும் சரக்கை அவன் தொடவே இல்லை. அவன் வீட்டுக்குப் போய்விட்டால் கடை பழையபடி நடக்கும்.

இதுதான் கேம் ஜீனி. பிரிட்டனின் கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் உருவாக்கியது. 1990-இல் கனடாவிலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் கடைக்கு வந்தது. அமெரிக்காவில் விற்றது கலூப் என்ற பொம்மை நிறுவனம். கேசட்டின் வாயில் ஜீனியை மாட்டி, ஜீனியோடு சேர்த்துப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். சுவிட்சைப் போட்டதும் ஆட்டம் வராது. ஜீனியின் சொந்தத் திரை வரும். அதில் எழுத்துகளைப் பொறுக்கிக் குறியீட்டை அடிக்கலாம். அதிகபட்சம் மூன்று குறியீடுகள். அடித்து முடித்ததும் ஜீனி அந்த முகவரிகளையும் மாற்று எண்களையும் தன் பதிவேட்டில் பூட்டிக்கொண்டு ஆட்டத்துக்கு வழிவிடும். அதன்பின் அது செய்வதெல்லாம் ஒப்பிடுதல்தான்: கேட்ட முகவரி என் சீட்டில் இருக்கிறதா, இல்லையா? நொடிக்குப் பதினெட்டு லட்சம் தடவை கேட்டாலும் சலிக்காது. இதற்குச் செயலிகூடத் தேவையில்லை; ஒரு பிடி தர்க்க வாயில்கள் போதும்.

ஒரே ஒரு குறியீட்டைப் பிரித்துப் பார்ப்போம். மாரியோவுக்குக் குறையாத உயிர் தரும் குறியீடு, எஸ்-எக்ஸ்-ஐ-ஓ-பி-ஓ. ஜீனியில் ஆங்கில எழுத்துகள் 26-ம் கிடையாது, 16 மட்டும்தான். ஏ என்றால் 0, பி என்றால் 1, இசட் 2, எல் 3 என்று தாறுமாறான வரிசையில் 15 வரை போகும். அந்தக் கணக்கில் நம் ஆறு எழுத்துகள் 13, 10, 5, 9, 1, 9. ஒவ்வொன்றையும் நான்கு பிட்டாக எழுதினால்:

1101 1010 0101 1001 0001 1001

மொத்தம் 24 பிட். இவற்றில் 15 முகவரிக்கு. கேசட் முகவரிகள் எல்லாமே மேல் பாதியில் இருப்பதால் பதினாறாவது பிட்டைச் சொல்லத் தேவையில்லை. 8 பிட் மாற்று எண்ணுக்கு. மிச்சம் இருக்கும் ஒன்று, "குறியீடு ஆறு எழுத்தோடு முடிகிறதா, எட்டு வரை போகிறதா" என்று சொல்ல. ஆனால் இவை வரிசையாக அடுக்கப்படவில்லை. சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி கலைத்திருக்கிறார்கள். மாற்று எண்ணை எடுக்க முதல் எழுத்தின் முதல் பிட், இரண்டாம் எழுத்தின் கடைசி மூன்று பிட், ஆறாம் எழுத்தின் முதல் பிட், மறுபடி முதல் எழுத்தின் கடைசி மூன்று பிட் என்று கோக்க வேண்டும்: 1, 010, 1, 101. சேர்த்தால் 10101101, அதாவது 173. இதே மாதிரி கோத்தால் முகவரி 37337 என்று வரும். நேர்வரிசையில் வைத்திருந்தால் ஒரு குறியீட்டைப் பார்த்துப் பக்கத்துக் குறியீட்டைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். குறியீட்டுப் புத்தகத்துக்கு மதிப்பு இருக்காது. கலைத்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சரி, 37337-இல் அப்படி என்ன இருக்கிறது? மாரியோ சாகும்போது செயலி வந்து சேரும் இடம் அது. அங்கே அடுத்தடுத்து மூன்று எண்கள்: 206, 90, 7. முதல் எண் கட்டளை. 206 என்றால் "நான் சொல்லும் முகவரியில் இருக்கும் எண்ணில் ஒன்றைக் கழி." அடுத்த இரண்டும் சேர்ந்து அந்த முகவரி; 7-ஐ 256-ஆல் பெருக்கி 90-ஐக் கூட்டினால் 1882. பெட்டியின் 2048 பைட்டுகளில் மாரியோவின் உயிர் எண்ணிக்கை உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான். இதற்கு அடுத்த கட்டளை, "வந்த எண் சுழிக்குக் கீழே போகவில்லை என்றால் ஆட்டத்தைத் தொடர், போய்விட்டால் முடி."

206-க்குப் பதில் 173 வந்தால்? 173 என்றால் "நான் சொல்லும் முகவரியில் இருக்கும் எண்ணை எடுத்துப் பார்." பார் என்றுதான் சொல்கிறது. கழிக்கச் சொல்லவில்லை. செயலி 1882-ஐத் திறக்கிறது, 2 இருப்பதைப் பார்க்கிறது, மூடிவிடுகிறது. அடுத்த கட்டளை, "சுழிக்குக் கீழே போகவில்லையே?" என்று கேட்கிறது. போகவில்லை, தொடர். மாரியோ எத்தனை தடவை குழியில் விழுந்தாலும் இதே கதைதான். கடன்காரன் நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு எழுதாமல் மூடிவிட்ட மாதிரி.

இதில் எனக்குப் பிடித்தது, 173-ஐத் தேர்ந்தெடுத்தவரின் கைநேர்த்தி. "ஒன்றும் செய்யாதே" என்று ஒரு கட்டளை இந்தச் செயலியிலேயே உண்டு. அதன் எண் 234. அதைப் போட்டிருக்கலாமே என்று தோன்றும். போட்டால் ஆட்டம் தடம் புரளும். 234 ஒற்றை எண் கட்டளை. அதை முடித்துவிட்டு அடுத்து இருக்கும் 90-ஐயும் 7-ஐயும் செயலி முகவரி என்று நினைக்காது, புதுக் கட்டளைகள் என்று நினைத்து நிறைவேற்றக் கிளம்பும். ஒரே ஓர் எண்ணைத்தான் மாற்ற முடியும் என்ற கட்டுக்குள், பின்னால் வரும் இரண்டு எண்களையும் விழுங்கிக்கொள்ளும், எதையும் கெடுக்காத, அடுத்த கட்டளைக்குச் சரியான பதிலும் தரும் ஒரு கட்டளை வேண்டும். 173 அத்தனைக்கும் பொருந்துகிறது. வெண்பாவில் தளை தட்டாமல் ஒரு சீரை மாற்றிப் போடுவதற்கு ஒப்பான வேலை இது.

அந்த 1882 பற்றி இன்னொரு செய்தி. மாரியோவின் 3-1 உலகத்தில், முடிவுப் படிக்கட்டில் இறங்கிவரும் ஆமையை விடாமல் மிதித்து மிதித்து உயிர் சேர்க்கும் வித்தை எங்கள் தெருவில் ஒருவனுக்கு மட்டும் கைவந்திருந்தது. அவன் விளையாடினால் திண்ணை நிறைந்துவிடும். ஒரு நாள் அப்படிக் கணக்கில்லாமல் சேர்த்துவிட்டு, ஒரே ஒரு தடவை செத்தான். 'கேம் ஓவர்' வந்துவிட்டது. பெட்டி பழுது என்று அவன் அழாத குறை. பழுதில்லை. 8 பிட் எண்ணில் முதல் பிட் எரிந்தால் இந்தச் செயலி அதைக் கழித்தல் எண்ணாக எடுத்துக்கொள்ளும். 1882-இல் இருக்கும் எண் 128-ஐத் தாண்டியபின் செத்தால், ஒன்றைக் கழித்தும் முதல் பிட் எரிந்துகொண்டேதான் இருக்கும். "சுழிக்குக் கீழே போய்விட்டதே, முடி" என்று ஆட்டம் முடிந்துவிடும். உயிர் மிதமிஞ்சிப் போனதால் செத்தவன் அவன்.

ஆறெழுத்துக் குறியீடு 32 கிலோபைட்டுக்குள் அடங்கும் சின்ன ஆட்டத்துக்குப் போதும். அதற்கும் பெரிய ஆட்டங்கள் கேசட்டுக்குள் பல அலமாரிகளை வைத்துக்கொண்டு, தேவைக்கு ஏற்ப ஒன்றை முன்னால் நகர்த்தும். அப்போது ஒரே இழுப்பறை எண் ஒவ்வொரு அலமாரியிலும் ஒன்று இருக்கும். எண்ணை மட்டும் பார்த்து மாற்றினால் தப்பான அலமாரியிலும் மாற்றிவிடும். எட்டெழுத்துக் குறியீட்டில் கூடுதலாக வரும் எண், "பையன் கையில் இருப்பது இதுவானால் மட்டும் மாற்று" என்கிற நிபந்தனை.

ஜீனியால் நினைவகத்தைத் தொட முடியாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். 1882 பெட்டிக்குள் இருக்கிறது. ஜீனி வாசலில் நிற்கிறது. இந்த வரம்பைத் தாண்டிய இன்னொரு குடும்பம் உண்டு. பிரிட்டனின் டேட்டெல் நிறுவனம் செய்த ஆக்‌ஷன் ரீப்ளே, பின்னால் வந்த கேம்ஷார்க் போன்றவை. இவை கட்டளைகளை விட்டுவிட்டு எண்ணிக்கைகளின் மேல் கைவைத்தன.

பால்காரர் வாசல் சுவரில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைத்த காலம் ஒன்று இருந்தது. அவர் கையை மாற்றினால் அது ஜீனி. அவர் போட்ட கோட்டை அவர் போனதும் அழித்துவிட்டு எப்போதும் மூன்றே கோடு இருக்கும்படி பார்த்துக்கொண்டால் அது ஆக்‌ஷன் ரீப்ளே. ஆட்டம் தாராளமாகக் கழித்துக்கொள்ளலாம். கருவி உடனே வந்து பழைய எண்ணை எழுதிவிடும். எவ்வளவு உடனே? பழைய டிவி நம் ஊரில் நொடிக்கு 50 தடவை படத்தை மேலிருந்து கீழே வரையும். கீழே வந்த கற்றை மேலே திரும்பிப் போகும் சின்ன இடைவெளியில் செயலிக்கு ஒரு தட்டு விழும்: "கையில் இருப்பதை வைத்துவிட்டு இதைப் பார்." ஆட்டங்கள் தங்கள் அன்றாட வேலையை அந்த இடைவெளியில்தான் செய்யும். கருவி அந்தத் தட்டுக்குக் குறுக்கே தன் நிரலை நுழைத்துவிடும். 50 தடவையும் முதலில் அது ஓடும், எழுத வேண்டியதை எழுதும், பிறகுதான் ஆட்டத்துக்குக் கையைக் கொடுக்கும்.

பிளேஸ்டேஷன் வந்தபோது முதல் மாதிரிகளின் பின்பக்கம் ஒரு நீளமான வாய் இருந்தது. கேம்ஷார்க் அதில் மாட்டிக்கொண்டது. அதன் குறியீடுகள் எட்டு இலக்கம், ஒரு இடைவெளி, நான்கு இலக்கம். முன்னது என்ன செய்ய, எங்கே செய்ய; பின்னது எந்த எண். கலைத்தல் எல்லாம் இல்லை, வெளிப்படை. அதில் நிபந்தனைக் குறியீடும் உண்டு: இந்த இடத்தில் இந்த எண் இருந்தால் மட்டும் அடுத்த வரியைச் செய். குற்றாலம் பேரருவியில் தண்ணீர் வளைவைத் தாண்டி விழுந்தால் மட்டும் குளிக்கத் தடை போடுவார்களே, அந்த மாதிரி. சோனி பிற்பாடு வந்த மாதிரிகளில் அந்த வாயையே அடைத்துவிட்டது.

1882 என்ற இடத்தை முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஆட்டத்தை எழுதியவர் சொல்லமாட்டார். ஆனால் சலித்து எடுக்கலாம். 2048 எண்களையும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே ஒரு தடவை சாகுங்கள். இப்போது எந்தெந்த இடத்தில் எண் சரியாக ஒன்று குறைந்திருக்கிறது? அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுங்கள். கொஞ்ச நேரம் சாகாமல் ஓடுங்கள், மாறியவற்றைத் தள்ளுங்கள். மறுபடி சாகுங்கள். இப்படிச் சில சுற்றுகளில் ஒன்றிரண்டு இடம்தான் மிஞ்சும். திரையில் உயிர் 3 என்று இருக்கிறதே, 3 இருக்கும் இடத்தை நேராகத் தேடலாமே என்றால் மாரியோவில் ஏமாந்துபோவீர்கள். திரை 3 என்று காட்டும்போது உள்ளே இருப்பது 2. அதனால்தான் மதிப்பைத் தேடாமல் மாற்றத்தைத் தேடுவது. இன்றும் கணினியில் பழைய ஆட்டங்களை எமுலேட்டரில் ஓட்டுபவர்கள் இந்தச் சல்லடையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

உறையவைப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மாரியோவின் கடிகாரம் குறையாமல் இருந்தால் நல்லதுதானே என்று எமுலேட்டரில் அதை உறையவைத்துப் பாருங்கள். கொடிக்கம்பம் வரை நிம்மதி. மாரியோ கோட்டைக்குள் நுழைந்ததும் மிச்ச நேரத்தை ஒவ்வொன்றாகக் குறைத்து மதிப்பெண்ணாக மாற்றும் வேலை ஆரம்பிக்கும். சுழிக்கு வந்தால்தான் அடுத்த கட்டம். இங்கே குறையாது. மதிப்பெண் ஏறிக்கொண்டே போகும். மாரியோ கோட்டைக்குள் போனவன் போனவன்தான்.

எங்கள் கைக்கு ஜீனி வந்ததில்லை. வந்திருந்தாலும் பொருந்தியிருக்காது, அது அமெரிக்கக் கேசட்டின் 72 பின்களுக்குச் செய்தது, எங்களுடையது ஜப்பான் வடிவத்தின் 60 பின். ஆனால் ஜீனியின் தூரத்து உறவு எங்கள் வீட்டில் இருந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. '9999 இன் 1' கேசட் நினைவிருக்கிறதா? பட்டியல் முடிவில்லாமல் உருளும். ஒன்றாவது கான்ட்ரா, பதினேழாவது கான்ட்ரா, அறுபதாவதும் கான்ட்ரா. ஒன்றில் மூன்று உயிர், ஒன்றில் ஆரம்பத்திலேயே நல்ல துப்பாக்கி, ஒன்றில் நேராக நடுக் கட்டத்தில் இறக்கிவிடும். "எல்லாம் ஒரே கேம்தாம்லே, ஏமாத்திட்டான்" என்று கோபம் வரும். ஆட்டம் ஒன்றுதான், தொடக்க எண்கள் மட்டும் வேறு. யாரோ ஒருவர் உயிர் இருக்கும் இடத்தையும் கட்டம் இருக்கும் இடத்தையும் கண்டுபிடித்து, அவற்றில் வேறு எண் விழும்படி செய்து, ஒவ்வொன்றையும் புது ஆட்டமாகக் கணக்குக் காட்டியிருக்கிறார். திருட்டுக் கேசட்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அவர் செய்த வேலையில் இருந்த மூளையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பிற்பாடு பிரவுசிங் சென்டர் காலம். 'வைஸ் சிட்டி' ஆடும் பையன்கள் சட்டைப்பையில் மடித்த தாள் வைத்திருப்பார்கள். போலீஸ் துரத்தினால் 'லீவ் மீ அலோன்', டாங்கி வேண்டுமென்றால் 'பான்ஸர்'. அதுவும் சீட் கோடுதான், ஆனால் இனம் வேறு. அது ஆட்டத்தை எழுதியவர்களே விட்டுவைத்த பின்வாசல். கான்ட்ராவில் மேலே மேலே கீழே கீழே இடம் வலம் என்று அமுக்கி 30 உயிர் வாங்கும் வரிசையும் அப்படித்தான். கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ 1986-இல் 'கிரேடியஸ்' ஆட்டத்தைச் சோதிக்கும்போது தனக்கே கஷ்டமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்ட சாவி அது. அங்கே வீட்டுக்காரரே சாவி கொடுக்கிறார். ஜீனி சாவி கேட்பதே இல்லை.

வீட்டுக்காரருக்குக் கோபம் வராமல் இருக்குமா? நிண்டெண்டோ கலூப் மேல் வழக்குப் போட்டது. எங்கள் ஆட்டத்திலிருந்து புது ஆட்டம் செய்கிறீர்கள், காப்புரிமையை மீறுகிறீர்கள் என்பது வாதம். முதல் தீர்ப்பு வரும்வரை விற்பனைக்குத் தடை. 1991-இல் கலிஃபோர்னியா நீதிமன்றமும் 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கலூப் பக்கம் தீர்ப்பளித்தன. ஜீனி ஆட்டத்தின் பிரதி எதையும் செய்வதில்லை, கேசட்டில் எதையும் நிரந்தரமாக மாற்றுவதில்லை. காசு கொடுத்து வாங்கியவர் வீட்டில் தன் இஷ்டத்துக்கு விளையாடுவதை யாரும் கேட்க முடியாது. தடையால் ஏற்பட்ட நஷ்டத்துக்கு நிண்டெண்டோ கட்டிவைத்திருந்த ஒன்றரைக் கோடி டாலர் கலூப்புக்குப் போனது. இழுப்பறையைத் தொடாமல் நடுவில் நின்றானே, அந்த நிற்கும் இடம்தான் வழக்கிலும் அவனைக் காப்பாற்றியது.

நினைவகத்தில் எழுதும் குடும்பத்துக்கான தீர்ப்பு வர இன்னும் 32 ஆண்டு பிடித்தது. சோனியின் கையடக்க பிஎஸ்பி பெட்டிக்கான ஆக்‌ஷன் ரீப்ளே பற்றி ஜெர்மனியில் தொடங்கிய வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. 2024 அக்டோபரில் அது சொன்னது: நிரலின் வரிகளை மாற்றாமல், ஓடும்போது நினைவகத்தில் இருக்கும் மதிப்புகளை மட்டும் மாற்றினால், நிரலுக்கான காப்புரிமைச் சட்டம் அதைத் தடுக்காது. இணையத்தில் எதிரில் இன்னொருவர் உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தில் ஏமாற்றுவது வேறு விவகாரம். அதற்கு என் ஆதரவு கிடையாது. தனியாக உட்கார்ந்து குழியில் விழுகிறவன் எத்தனை தடவை எழுந்தால் யாருக்கு என்ன?

நடுவில் நின்று பதிலை மாற்றும் அந்த வித்தை பழைய பெட்டிகளோடு போய்விடவில்லை. அழிக்க முடியாத சில்லில் எழுதிவிட்ட நிரலில் பிழை இருந்தால் என்ன செய்வது? லட்சக்கணக்கில் அச்சடித்த சில்லைக் குப்பையில் போட முடியாது. அதனால் ஏஆர்எம் நிறுவனத்தின் கார்டெக்ஸ்-எம்3 செயலியிலேயே ஒரு சின்னப் பகுதியை வைத்திருக்கிறார்கள். ஆறு கட்டளை முகவரிகள் வரை அதில் பதிந்துவைக்கலாம். அந்த முகவரியைக் கேட்டால் பழைய கட்டளைக்குப் பதில் புதியது போகும். ஜீனிக்கு மூன்று, இதற்கு ஆறு. வேறு வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

2011-இல் மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் வந்தபின் எங்கள் பக்கம் நிரல் எழுதும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். என் அக்காள் மகனும் அந்த வேலையில்தான் இருக்கிறான், வேறொரு இடத்தில். போன சாரலுக்கு வந்தபோது மடிக்கணினியில் சி++ நிரல் ஒன்றில் பிழை தேடிக்கொண்டிருந்தான். வரியின் ஓரத்தில் சொடுக்கினான். ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. நிரல் அந்த வரி வரை ஓடி நின்றது.

"இது எப்படிலே நிக்கு?"

"பிரேக்பாயின்ட் மாமா. புள்ளி வச்சா நின்னுரும்."

"அதான் எப்படி நிக்குன்னு கேக்கேன்."

அவன் யோசிக்கவில்லை; தேவைப்படவில்லை. அந்தப் புள்ளியை வைத்த கணத்தில், பிழை தேட உதவும் டீபக்கர் அந்த வரியின் முதல் பைட்டை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அங்கே 204 என்ற எண்ணை எழுதிவிடுகிறது. இன்டெல் வகைச் செயலிகளில் 204 என்றால் "நில், என்னைக் கூப்பிடு." அதே ஒற்றை எண் மாற்றம். மாரியோவின் 206-லிருந்து இரண்டு குறைவு, அவ்வளவுதான்.

நினைவகத்தைத் திறந்து அந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினான். 204 இல்லை, பழைய எண்தான் இருந்தது. டீபக்கர் வழியாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். நாம் கேட்பதும் நடுவில் நிற்பவனிடம்தானே.